காலேஜில் என்ன 'ஒர்க் ஷாப்'? பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு

(வெதுருகுப்பத்திலிருந்து நமது பகுதி நேர நிருபர்)

"சார், நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. பையனைத் திருப்பதியிலே டிகிரி படிக்க வெச்சிருக்கேன். இப்போ என்னடான்னா ஒர்க் ஷாப்புக்குப் போகணும், முந்நூறு ரூபா குடுன்னு கேக்கறான். ரிப்பேர் வேலை கத்துக்கவா நான் அவனைக் காலேஜிலே சேர்த்தேன்?"

சென்ற மாதம் ஒரு நாள் காலை, பாசஞ்சர் வண்டி போன பிறகு டிக்கெட் கவுண்டரில் கூட்டம் ஓய்ந்திருந்த நேரம். என்னிடம் இப்படிக் கேட்டவர் டிராக்மேன் வேலை பார்க்கும் ஒரு பெரியவர். வேலூர்ப் பக்கத்துக்காரர். வேலைக்காக இங்கே வந்து, வெதுருகுப்பம் அருகே பெண் எடுத்து, அங்கேயே ஒரு வீட்டையும் கட்டிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் தமிழ். வாசலைத் தாண்டினால் தெலுங்கு.

அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. ரயில்வேக்காரர்களுக்கு ஒர்க் ஷாப் என்றால் பெரம்பூர், பொன்மலை, இங்கே திருப்பதியில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கூடம் ஆகியவைதாம் ஞாபகத்துக்கு வரும். படிக்கிற பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று அவர் கேட்டதில் தப்பில்லை.

பையனைக் கூப்பிட்டு விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. காலேஜில் இரண்டு நாள் பயிற்சி. வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி, இண்டர்வியூவில் எப்படிப் பேசுவது, கம்ப்யூட்டரில் மனு அனுப்புவது எப்படி என்றெல்லாம் மாணவர்களைச் செய்து பார்க்க வைத்துச் சொல்லித் தருகிறார்கள். ஒருவர் மேடையில் பேச மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போனால் அது பிரசங்கம். எல்லோரும் உட்கார்ந்து தங்கள் கையாலேயே செய்து பழகினால் அதற்கு ஒர்க் ஷாப் என்று பெயர். தமிழில் பயிலரங்கு என்றும் பயிற்சிப் பட்டறை என்றும் எழுதுகிறார்கள். முந்நூறு ரூபாய் சாப்பாட்டுக்கும் அச்சடித்த தாள்களுக்கும்.

"பணத்தைக் கொடுத்து அனுப்புங்கள்" என்றேன். பெரியவர் தலையை ஆட்டினாரே தவிர, முகத்தில் சமாதானம் இல்லை. அவருக்குச் சொன்னதையும், கவுண்டரில் நின்று சொல்ல முடியாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவரைப் போன்ற பெற்றோர்கள் நம் வாசகர்களிலும் பலர் இருப்பார்கள்.

கல்லூரிகளுக்குக் குறைவில்லை

வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். வெதுருகுப்பம் சித்தூர் மாவட்டத்தில் ஒரு மண்டலத் தலைமையிடம். ரயில் கிடையாது. வண்டி பிடிக்க வேண்டுமானால் புத்தூருக்கோ திருப்பதிக்கோ பஸ் ஏறிப் போக வேண்டும். இண்டர் முடித்த பிள்ளைகளும் மேற்படிப்புக்காக அதே பஸ்களில்தான் போகிறார்கள். 2022-ம் ஆண்டு ஏப்ரல் 4-ம் தேதி திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு, காலையில் ஒரு மாவட்டத்தில் பஸ் ஏறி இன்னொரு மாவட்டத்தில் இறங்கிப் படிக்கிறார்கள். 2025-ம் ஆண்டு ஆகஸ்ட் 15-ம் தேதி முதல் ஆர்.டி.சி.யின் சாதாரண பஸ்களிலும் எக்ஸ்பிரஸ் பஸ்களிலும் பெண்களுக்கு இலவசப் பயணம் என்று ஏற்பட்டதால், பெண் பிள்ளைகளை அனுப்புவதில் பஸ் செலவு ஒரு தடையாக இல்லை.

கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. திருப்பதியில் தேவஸ்தானத்தின் எஸ்.வி. கல்லூரி 1945-ம் ஆண்டிலும், பத்மாவதி பெண்கள் கல்லூரி 1952-ம் ஆண்டிலும் ஏற்பட்டன. 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்த மறு ஆண்டே, பிரகாசம் பந்துலு முதல் மந்திரியாக இருந்தபோது, 1954-ம் ஆண்டு செப்டம்பர் 2-ம் தேதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் தொடங்கிற்று. 1983-ல் பெண்களுக்கென்றே பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. நமது மாவட்டத்தின் மறு கோடியில், குப்பத்தில், 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது.

இத்தனை இருந்தும் சேருகிற பிள்ளைகள் எல்லோரும் முடிப்பதில்லை. எங்கள் பக்கத்துத் தெருக்களிலேயே 'டிகிரி டிஸ்கண்டினியூ' என்று சொல்லிக்கொள்கிற இளைஞர்களை விரல் விட்டு எண்ண முடியாது. புத்தியில்லாமல் நின்றவர்கள் என்று இவர்களை நினைத்துவிடக் கூடாது. பத்தாவதிலும் இண்டரிலும் நல்ல மார்க் வாங்கியவர்கள் பலர் அதில் உண்டு.

கல்லூரி என்பது ஒரு புது ஊர் மாதிரி. அதற்கென்று ஒரு பாஷை இருக்கிறது. செமஸ்டர் என்பார்கள், கிரெடிட் என்பார்கள், இண்டர்னல் மார்க் என்பார்கள், போனஃபைடு சர்டிபிகேட் வாங்கி வா என்பார்கள். அப்பாவோ அக்காவோ பட்டதாரியாக இருக்கிற வீட்டில் இதெல்லாம் சாப்பிடும்போதே காதில் விழுந்துவிடும். நம் வீடுகளில் யார் சொல்வது? கேட்டால் சிரிப்பார்களோ என்ற பயத்தில் பிள்ளையும் கேட்பதில்லை. சொல்லித் தர ஆள் இல்லாத பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற இடமாக இந்தப் பயிற்சி முகாம்களும், கூடிப் பழகுகிற விழாக்களும் இருக்கின்றன.

என் தம்பிக்கு நேர்ந்தது

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அப்பா சர்வீஸில் இருக்கும்போதே காலமாகிவிட்டதால், பத்தாவது முடித்திருந்த எனக்குக் கருணை அடிப்படையில் ரயில்வேயில் வேலை கிடைத்தது. என் படிப்பு அதோடு நின்றது. தம்பியையாவது பட்டதாரி ஆக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் தீர்மானித்தோம். எங்கள் வம்சத்திலேயே காலேஜ் வாசற்படி ஏறிய முதல் ஆள் அவன்தான். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம்.

சேர்ந்த இரண்டாவது வாரம் போன் செய்தான். புது மாணவர்களுக்கு வரவேற்பு விழா நடக்கிறதென்றும், நூற்றைம்பது ரூபாய் கட்ட வேண்டும் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னான். "படிக்கப் போனாயா, கூத்தடிக்கப் போனாயா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன். விழா நடந்த அன்று அவன் அறையிலேயே படுத்துக் கிடந்திருக்கிறான். அதற்குப் பிறகு எதற்கும் என்னிடம் காசு கேட்டதில்லை. அடக்கமான பையன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பரீட்சைக் கட்டணம் என்று ஒன்று தனியாகக் கட்ட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. வருஷக் கட்டணத்திலேயே அதுவும் அடக்கம் என்று நினைத்திருந்தான். நோட்டீஸ் போர்டில் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தார்களாம். கடைசித் தேதி போயிற்று. அபராதத்தோடு கட்டும் தேதியும் போயிற்று. எல்லோரும் ஹால் டிக்கெட் வாங்குகிற அன்றுதான் தன் பெயர் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. ஆபீஸ் ஜன்னலில் ஏதோ கேட்டிருக்கிறான். அங்கிருந்தவர் கடிந்து பேசியிருக்கிறார். சங்கராந்திக்குப் பெட்டியோடு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை.

காரணத்தை அவன் என்னிடம் சொல்லவே ஒரு வருஷம் ஆயிற்று. வரவேற்பு விழாவுக்குப் போன பையன்களுக்குச் சீனியர்கள் அறிமுகமாகி, எந்த மாதத்தில் எந்தப் பணம் கட்ட வேண்டும், எந்த ஆபீஸில் யாரைக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். என் தம்பிக்கு அங்கே கேட்பதற்கு ஒரு சிநேகிதன்கூட இல்லை. இப்போது அவன் மாங்கூழ் பாக்டரி ஒன்றில் மெஷின் பார்க்கிறான். என் மேல் அவனுக்குக் கோபம் கிடையாது. நூற்றைம்பது ரூபாயை மிச்சம் பிடித்த எனக்குத்தான் அது இன்னும் மனத்தில் உறுத்துகிறது.

விழாவும் விதிதான்

புது மாணவர் வரவேற்பு என்றால் வீண் ஆடம்பரம் என்று நினைத்த எனக்குப் பிற்பாடு தெரிய வந்த ஒரு சங்கதி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2009-ம் ஆண்டில் ராகிங்கை ஒழிப்பதற்காக விதிமுறைகள் வெளியிட்டது. அதற்கு முன்பு சுப்ரீம் கோர்ட் உத்தரவின் பேரில் ஒரு கமிட்டி அமைந்து, சி.பி.ஐ.யின் முன்னாள் டைரக்டர் ஆர்.கே.ராகவன் தலைமையில் ஆராய்ந்து, 2007-ல் அறிக்கை கொடுத்திருந்தது. ஆந்திரத்தில் ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது.

யு.ஜி.சி. விதிமுறைகளில் தண்டனைகள் மட்டும் இல்லை. ஒவ்வொரு துறையிலும் சீனியர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து புது மாணவர்களுக்கு வரவேற்பு நடத்த வேண்டும் என்றும், கூடுமானவரை வகுப்பு தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் நடத்த வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. புதுப் பிள்ளைகளின் கூச்சமும் தாழ்வு மனப்பான்மையும் போக வேண்டும் என்று காரணமும் கூறப்பட்டிருக்கிறது. ஆசிரியர்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பது முக்கியம். ஆசிரியர் இல்லாத இடத்தில், ராத்திரி வேளையில், ஹாஸ்டல் அறையில் நடப்பது வரவேற்பு அல்ல. அப்படி நடந்தால் 1800-180-5522 என்ற ராகிங் தடுப்பு எண்ணுக்குக் கட்டணமில்லாமல் போன் செய்யலாம். இந்த எண்ணைப் பெற்றோரும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

2019-ல் யு.ஜி.சி. இன்னொரு வழிகாட்டியும் வெளியிட்டது. 'தீக்ஷாரம்ப்' என்று பெயர். சேர்ந்தவுடனே பாடத்தைத் தொடங்கிவிடாமல், கல்லூரியையும் ஆசிரியர்களையும் அறிமுகப்படுத்தி, பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரை வழிகாட்டியாக வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். என் தம்பிக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் பரீட்சைக் கட்டணத்தை ஞாபகப்படுத்தியிருப்பார்.

கவுண்டரில் காண்பது

கல்லூரிப் பிள்ளைகளுக்கு எத்தனை விஷயங்கள் தெரியாமல் போகின்றன என்பதற்கு என் கவுண்டரே சாட்சி. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், ரயில்வே பல சலுகைகளை நிறுத்திற்று. மூத்த குடிமக்கள் சலுகையும் அதில் போயிற்று. மாணவர் சலுகை போகவில்லை. படிக்கிற ஊரிலிருந்து சொந்த ஊருக்குப் போகும் மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பாதிக் கட்டணம்தான். தாழ்த்தப்பட்ட, மலைஜாதி மாணவர்களுக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. பெண் பிள்ளைகள் பட்டப் படிப்பு வரை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட்டை இலவசமாகவே பெறலாம். பையன்களுக்கு இந்த இலவசம் பன்னிரண்டாம் வகுப்பு வரை.

இதற்குத் தேவை கல்லூரி முதல்வர் கையெழுத்திட்டுத் தருகிற ஒரு படிவம். அந்தப் படிவம் இல்லாமல், முழுக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போகிற பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். வரிசை நீளமாக நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்ல என்னால் முடிவதில்லை. கல்லூரியில் ஒரு மத்தியானம் நூறு பேரை உட்கார வைத்து, படிவத்தைக் கையில் கொடுத்து நிரப்பச் சொன்னால் நூறு குடும்பத்துக்கு லாபம். ரயில் சலுகைக்குச் சொன்னது உதவித் தொகைக்கும், பாங்க் கணக்குக்கும், வருமானச் சான்றிதழுக்கும் பொருந்தும். சலுகைகள் காகிதத்தில் இருக்கின்றன. அது பிள்ளையின் கைக்கு வருவதற்கு நடுவில் ஓர் ஆள் தேவைப்படுகிறார்.

ஆந்திரத்தின் அரசு டிகிரி கல்லூரிகளில் ஜவஹர் நாலெட்ஜ் சென்டர் என்று ஓர் ஏற்பாடு, ஒன்றுபட்ட ஆந்திரம் இருந்த நாளிலேயே வந்தது. ஆங்கிலம் பேசவும், கம்ப்யூட்டர் பழகவும், கம்பெனிகளின் ஆளெடுப்புக்குத் தயாராகவும் அங்கே பயிற்சி கொடுப்பார்கள். 'ஜே.கே.சி.' என்று கேட்டால் மாணவர்களுக்குத் தெரியும். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேலூர், திருத்தணியில் இருக்கும் நம் உறவினர்கள், தங்கள் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருவதைச் சொல்வதுண்டு. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி தொடங்கிய அந்தப் புதுமைப் பெண் திட்டம், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்துவிட்டுக் கல்லூரி சேர்ந்தவர்களுக்காக ஏற்பட்டது. இங்கே படித்த நம் பிள்ளைகள் அதை எதிர்பார்த்துக் காத்திருக்காமல், இங்குள்ள உதவிகளை விசாரித்துக் கேட்டுப் பெற வேண்டும்.

திருத்தணிப் பையனுக்குக் கிடைத்த புத்தகங்கள்

திருத்தணி என்றதும் நமக்கு முருகனோடு இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ம் ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி அங்கே பிறந்தவர். வசதியில்லாத குடும்பம். திருப்பதியில் லூதரன் மிஷன் பள்ளியிலும், பின்பு வாலாஜாபேட்டையிலும் படித்து, வேலூர் ஊரிஸ் கல்லூரிக்கும், அங்கிருந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் போனார். படிப்பு முழுவதும் உதவித் தொகையில்தான் நடந்தது.

அவர் ஏன் தத்துவம் படித்தார் என்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாடப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்துவிட்டார். புத்தகச் செலவு மிச்சம் என்பதால் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டார். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகி, 1962-ல் ஜனாதிபதியும் ஆனார். முன்னால் போன ஒருவர் பின்னால் வருகிறவருக்குக் கை கொடுத்தார் என்பதைத்தான் நாம் இதில் கவனிக்க வேண்டும். அப்படி ஓர் உறவினர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கல்லூரியே அந்த உறவினராக இருக்க வேண்டியிருக்கிறது.

நாடு சுதந்திரம் அடைந்த பின், 1948-ல் ஏற்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் கமிஷனுக்கும் அவரே தலைவர். மாணவர்கள் விருப்பத்தின் பேரில் தேச சேவையில் ஈடுபட வேண்டும் என்ற யோசனை அப்போதே வந்தது. மகாத்மா காந்தியின் நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24-ம் தேதி, மத்தியக் கல்வி மந்திரி வி.கே.ஆர்.வி.ராவ் அதை 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கி வைத்தார். அதுதான் என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டம்.

இதில் சேர்ந்த மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கி முகாம் நடத்த வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் இப்படி ஒரு முகாம் நடந்தபோது போய்ப் பார்த்தேன். காலையில் கால்வாய் சுத்தம் செய்தார்கள். மத்தியானம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். ராத்திரி பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து தாங்களே சமைத்ததைச் சாப்பிட்டார்கள். டவுன் பிள்ளை கிராமத்துப் பிள்ளையிடம் அடுப்பு மூட்டக் கற்றுக்கொண்டான். கிராமத்துப் பிள்ளை டவுன் பிள்ளையிடம் கூச்சமில்லாமல் பேசக் கற்றுக்கொண்டான். கால்வாய் எத்தனை நாள் சுத்தமாக இருந்தது என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குள் ஏற்பட்ட பழக்கம் பரீட்சை வரைக்கும் நிற்கும்.

ஒரு மணி நேரத்தின் பலன்

அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனையைப் பற்றி எனக்குத் தெரிந்த லெக்சரர் ஒருவர் சொன்னார். கிரிகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரு மனத்தத்துவ நிபுணர்கள் செய்தது. 2011-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளியாயிற்று.

கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் மாணவர்கள் சிலரை அழைத்து, சீனியர்கள் சொன்ன அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் இந்த இடம் எனக்கானதில்லை என்று தோன்றிற்று, எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது, போகப் போகச் சரியாயிற்று என்பதுதான் அவற்றின் சுருக்கம். பிறகு தங்கள் சொந்த அனுபவத்தை எழுதி, அடுத்து வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வீடியோவில் பேசச் சொன்னார்கள். மொத்தமே ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதில் கலந்துகொண்ட கறுப்பின மாணவர்களின் மார்க் அடுத்த மூன்று வருஷங்களில் உயர்ந்து, வெள்ளை மாணவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த வித்தியாசம் பாதியாகக் குறைந்ததாம்.

எல்லா ஊரிலும் இதே பலன் வரும் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் 'எனக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம்' என்ற எண்ணம் ஒரு பிள்ளையை எவ்வளவு தூரம் பின்னுக்கு இழுக்கும் என்பது இதிலிருந்து தெரிகிறது. நம் பிள்ளைகளும் அந்த எண்ணத்தோடுதான் பஸ் ஏறுகிறார்கள்.

தமிழ் வீட்டுப் பிள்ளைகள்

நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சித்தூர் ஜில்லா 1911-ல் ஏற்பட்டபோது வட ஆர்க்காட்டின் பல பகுதிகள் அதில் சேர்ந்தன. 1960-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. அதற்கு ஈடாகச் சில கிராமங்கள் ஆந்திரத்துக்கு வந்தன. கோடு எங்கே போட்டாலும் இரண்டு பக்கமும் இரண்டு பாஷையும் பேசுகிற வீடுகள் இருக்கத்தான் செய்கின்றன. போதாததற்குப் பிழைப்புக்காக வந்த நம்மைப் போன்றவர்கள் வேறு.

இந்த வீடுகளின் பிள்ளை கல்லூரிக்குப் போனால் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பேச்சு தெலுங்கில், மனக் கணக்கு தமிழில். தெலுங்கு நன்றாகப் பேச வந்தாலும், ஒரு வார்த்தை தப்பினால் 'அரவம்' என்று கேலி செய்வார்களோ என்று வாய் திறக்காமல் இருந்துவிடும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை கலை விழாவில் ஒரு பாட்டுப் பாடினால் நிலைமை மாறிவிடுகிறது. விளையாட்டுப் போட்டியில் ஒரு கோப்பை வாங்கினால் யாரும் பாஷை கேட்பதில்லை. தமிழ் தெரிந்திருப்பது ஒரு குறையும் இல்லை என்பதற்குத் திருப்பதிப் பல்கலைக்கழகத்திலும் குப்பத்திலும் தமிழ்த் துறைகளே இருக்கின்றன. அதே சமயம், தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் கூடிக்கொண்டு தனியே ஒதுங்குவதும் சரியல்ல. பரீட்சைக் கட்டணத் தேதியைச் சொல்லப் போகிற சிநேகிதன் தெலுங்குப் பையனாகவும் இருக்கலாம்.

குறைகளும் உண்டு

எல்லாப் பயிற்சி முகாம்களும் பிரமாதம் என்று நான் சொல்ல வரவில்லை. பேனர் கட்டி, போட்டோ எடுத்து, சர்டிபிகேட் கொடுத்து முடிந்துவிடுகிற ஒர்க் ஷாப்புகளும் உண்டு. காலையில் வரவேற்புரை, மத்தியானம் நன்றியுரை, நடுவில் ஒன்றுமில்லை என்று பிள்ளைகளே சிரிக்கிறார்கள். பேசுகிறவர் முழுக்க ஆங்கிலத்திலேயே பேசிவிட்டுப் போனால், யாருக்காக நடந்ததோ அவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. சாயந்திரம் ஆறு மணி வரை நடத்தினால் கிராமத்துப் பெண் பிள்ளைகள் பஸ்ஸுக்காக நடுவிலேயே எழுந்து போக வேண்டியிருக்கிறது.

கல்லூரி நிர்வாகிகளுக்கு நம் சார்பில் சொல்ல வேண்டியவை மூன்று. பணம் கட்டும் தேதிகளையும் படிவங்களையும் பற்றிய வகுப்பை முதல் மாதத்திலேயே வையுங்கள். தெலுங்கிலும், முடிந்த இடத்தில் தமிழிலும் விளக்குங்கள். பஸ் நேரத்துக்குள் முடியுங்கள். காசு இல்லாத பிள்ளைக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் இன்னும் புண்ணியம்.

பெற்றோர் செய்யக்கூடியது

படிக்காத பெற்றோரால் பாடம் சொல்லித் தர முடியாது. ஆனால் விசாரிக்க முடியும். பிள்ளை 'ஒர்க் ஷாப்' என்றோ 'பங்ஷன்' என்றோ பணம் கேட்டால், உடனே கோபித்துக்கொள்ளாமல் நாலு கேள்வி கேளுங்கள். நடத்துவது கல்லூரியா, வெளியாளா? ஆசிரியர் யாராவது கூட இருப்பாரா? எத்தனை மணிக்கு முடியும்? வந்த பிறகு என்ன தெரிந்துகொண்டாய் என்று எனக்குச் சொல்வாயா? முதல் மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் பணத்தைக் கொடுங்கள். நாலாவது கேள்வியை மறக்காமல் பிறகு கேளுங்கள். பதில் சொல்வதற்காகவாவது பிள்ளை கவனித்துக் கேட்கும்.

பிள்ளை திடீரென்று காசு கேட்பதை நிறுத்தினாலும், விடுமுறைக்கு வந்து திரும்பிப் போகத் தயங்கினாலும் அதைச் சமர்த்து என்று நினைத்து நான் ஏமாந்ததுபோல் ஏமாறாதீர்கள். உட்கார வைத்துப் பேசுங்கள். மனம் மிகவும் சோர்ந்திருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 'டெலி மானஸ்' என்ற இந்த அரசு ஏற்பாடு 2022-ம் ஆண்டு அக்டோபர் 10-ம் தேதி தொடங்கிற்று. கட்டணம் கிடையாது. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

அந்த டிராக்மேன் பெரியவர் கடைசியில் பணம் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அவர் மகன் என் கவுண்டருக்கு வந்தான். திருப்பதியிலிருந்து காட்பாடிக்குப் போய்ப் பாட்டியைப் பார்க்க வேண்டுமாம். முதல்வர் கையெழுத்தோடு சலுகைப் படிவத்தை நீட்டினான். எல்லாக் கட்டங்களையும் தானே நிரப்பியிருந்தான். ஓர் இடத்தில்கூடத் தப்பு இல்லை. பின்னால் அதே வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் கையிலும் படிவம் இருந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்டேன். இவன்தான் சொன்னான் என்று அவனைக் காட்டினார்கள்.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் தம்பியிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பரவாயில்லையே அண்ணா" என்றான். பிறகு, பாக்டரியில் தன்னோடு வேலை செய்கிறவரின் பெண் இந்த வருஷம் டிகிரி சேர்ந்திருப்பதாகவும், அந்தப் பெண்ணுக்கும் ஒரு படிவம் எங்கே வாங்குவது என்று சொல்லும்படியும் கேட்டான். சொன்னேன்.